மடவை மீனும் மிதவையும்: புதிதாகத் தூண்டில் பிடிப்போருக்கு ஓர் எளிய விளக்கம்

சிங்கப்பூர்க் கரையோரப் பூங்காக்களில் தூண்டில் போடுவோரிடையே மடவை மீனைப் பற்றி இரண்டு கருத்துகள் வேரூன்றி இருக்கின்றன. “மடவை சேற்றைத் தின்கிற மீன் தம்பி, அது தூண்டிலுக்கு வராது, வலையில்தான் விழும்” என்பது பெரியவர்கள் சொல்லும் முதல் கருத்து. ரொட்டியை உருட்டி முள்ளில் குத்தி, ஏதாவது ஒரு மிதவையைக் கட்டி எறிந்துவிட்டு, மிதவை முங்கியதும் இழுத்தால் போதும், மற்றது அதிர்ஷ்டம் என்பது இரண்டாவது. முதல் கருத்தை நம்புகிறவர்கள் முயன்று பார்ப்பதே இல்லை. இரண்டாவதை நம்புகிறவர்கள், கண்ணெதிரே மீன் கூட்டம் கூட்டமாகத் திரிந்தாலும் வெறுங்கையோடு வீடு திரும்பிவிட்டு, முதல் கருத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

மலாய்க்காரர்கள் பெலானாக் என்று அழைக்கும் இந்த மீன் ரொட்டிக்கு நன்றாகவே வரும். ஆனால் அதன் வாய் எப்படி வேலை செய்கிறது, மிதவை உண்மையில் எதை அளக்கிறது என்னும் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் அது கைக்கு வரும். இக்கட்டுரை அந்த இரண்டையும் அடிப்படையிலிருந்து விளக்குகிறது. கோல், ரீல் வகைகளைப் பற்றிய நீண்ட ஒப்பீடுகளுக்குள் நான் போகவில்லை. தொடக்கத்தில் அவை அவ்வளவு முக்கியமும் அல்ல.

மடவை எப்படித் தின்கிறது?

உலகில் 70-க்கும் மேற்பட்ட மடவை இனங்கள் உள்ளன. அவற்றில் பல நம் கடலோரங்களிலும் அலையாத்திக் கழிமுகங்களிலும் வாழ்கின்றன. உருண்டு நீண்ட உடல், சற்றே தட்டையான தலை, முதுகில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும் இரண்டு துடுப்புகள், அவற்றுள் முன்துடுப்பில் நான்கே முட்கள் ஆகியவை அடையாளங்கள். உப்புநீரிலும் உப்பு குறைந்த முகத்துவார நீரிலும் அது தாராளமாக நடமாடும். பெரிய வடிகால் கால்வாய்கள் கடலில் சேரும் இடங்களில் மடவையை அடிக்கடி காண்பதற்குக் காரணம் இதுதான்.

மடவையின் இயற்கை உணவில் பெரும்பகுதி மிக நுண்ணியது. கற்சுவர்களின் மேல் படியும் மெல்லிய பாசிப்படலம், வண்டலில் கலந்திருக்கும் நுண்பாசிகள், மக்கிய இலைத் துணுக்குகள், சிற்றுயிர்கள் ஆகியவற்றை மண்ணோடும் நீரோடும் சேர்த்து அது உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை எல்லாம் அப்படியே விழுங்குவதில்லை. அதன் செவுள்களின் உட்புறத்தில் மெல்லிய முட்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. இவற்றைச் செவுள்முட்கள் என்பர். இவையும் தொண்டைப் பகுதியும் சேர்ந்து, வாய்க்குள் வந்ததைச் சலித்து, பயனுள்ளதை உள்ளே அனுப்புகின்றன. எஞ்சிய மணலும் கசடும் வெளியே துப்பப்படுகின்றன. உள்ளே போகும் சிறிதளவு மணலும் வீணாவதில்லை. அதன் வயிற்றின் ஒரு பகுதி தடித்த தசையால் ஆன அரைவைப் பையாக இருப்பதால், அங்கே உணவை அரைக்க அந்த மணல் உதவுகிறது.

ஆகவே சேற்றைத் தின்னும் மீன் என்பது பாதி உண்மைதான். சேற்றிலிருந்து பொறுக்கித் தின்னும் மீன் என்பதே சரி. இந்த வேறுபாடு தூண்டில்காரருக்கு மிக முக்கியமானது. ஏனென்றால் உறிஞ்சுவது, சோதிப்பது, பிடிக்காததைத் துப்புவது என்ற மூன்றும் மடவைக்கு நாள் முழுவதும் நடக்கும் வேலை. தூண்டிலில் உள்ள ரொட்டியையும் அது அப்படித்தான் உறிஞ்சுகிறது. ரொட்டி தன் போக்கில் வாய்க்குள் வந்தால் வைத்துக்கொள்ளும். ஏதோ ஒன்று பின்னுக்கு இழுப்பதாக உணர்ந்தால், ஒரு மணல் துகளைத் துப்புவதைப் போலவே, எந்தத் தயக்கமும் இல்லாமல் துப்பிவிடும்.

இதை நேரில் பார்க்க விரும்புவோர் சுங்கை பூலோ சதுப்புநில ஒதுக்கிடத்துக்குப் போகலாம். அங்கே மீன் பிடிக்க அனுமதி இல்லை. பார்ப்பதற்குத் தடை இல்லை. நீர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பாலத்தின் மேல் நின்று கவனித்தால், மடவைகள் வாயைத் திறந்து மூடியபடியே மெல்ல நகர்வதையும் செவுளோரத்தில் கலங்கல் வெளியேறுவதையும் காணலாம். புதிதாகத் தொடங்குபவர் கோல் வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மடவை கவ்வும் மீன் அல்ல, உறிஞ்சிச் சலிக்கும் மீன். அதன் வாய்க்குள் இரை தங்குவதும் தங்காததும், அது உணரும் எதிர்ப்பைப் பொறுத்தது.

மிதவை என்னும் தராசு

மிதவை ஓர் அறிவிப்பு மணி என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு தராசு. சிராங்கூன் சாலை நகைக்கடைத் தராசில் ஒரு மூக்குத்தியை வைத்தாலே எண் மாறுகிறது. அதே மூக்குத்தியைப் பஃபலோ சாலையில் காய்கறி நிறுக்கும் தராசில் வைத்தால் எதுவும் அசைவதில்லை. இரண்டும் எடை பார்க்கும் கருவிகளே என்றாலும், எவ்வளவு சிறிய மாற்றத்தை அவை காட்டும் என்பதில்தான் வேறுபாடு. மடவைக்கு நமக்கு வேண்டியது நகைக்கடைத் தராசு.

நீரில் மூழ்கும் பொருளை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், பொருளால் விலக்கப்பட்ட நீரின் எடைக்குச் சமம் என்று கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் விளக்கினார். இதற்கு மிதப்பு விசை என்று பெயர். மிதவையும் அதன் கீழே உள்ள ஈயமும் கீழ்நோக்கி இழுக்கின்றன. நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் மிதவை நிற்கிறது. நீருக்கு மேலே எவ்வளவு மிதவை தெரிகிறதோ, அந்தப் பகுதியையும் மூழ்கடிக்கக் கூடுதலாக எவ்வளவு இழுக்க வேண்டுமோ, அதுவே எஞ்சிய மிதப்பு. மீன் உணர்வது மிதவையின் மொத்த எடையை அன்று. இந்த எஞ்சிய மிதப்பைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிவப்பு வெள்ளைப் பந்து மிதவையின் குறுக்களவு 3 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் கன அளவு ஏறத்தாழ 14 கன செ.மீ. அதை முழுவதும் மூழ்கடித்தால் ஏறத்தாழ 14 கிராம் நீர் விலகும். பந்தின் சொந்த எடையையும் ஒரு சிறு ஈயத்தையும் கழித்தாலும், அதை முங்கச் செய்ய மீன் பல கிராம் இழுவிசையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அரைக் கிலோ மடவைக்கு அந்த இழுவையைத் தாங்கும் வலு இல்லாமல் இல்லை. தாங்குவதற்குத் தேவைதான் இல்லை. இழுவை தெரிந்த நொடியிலேயே ரொட்டி வெளியே வந்துவிடும். மிதவை சற்றே நடுங்கி நிற்கும். கரையில் இருப்பவர் “சின்ன மீன் கொத்துது” என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

இப்போது குச்சி போன்ற ஒல்லியான மிதவையை எடுத்துக்கொள்வோம். அதன் நுனி 3 மி.மீ. தடிமன் உள்ளது என்றால், ஒரு செ.மீ. நீள நுனியை மூழ்கடிக்க 0.07 கிராம் போதும். நுனி 10 மி.மீ. தடிமனாக இருந்தால் அதே ஒரு செ.மீ. நீளத்துக்கு 0.79 கிராம் வேண்டும். அதாவது பதினொரு மடங்கு. மெல்லிய நுனியுள்ள மிதவையை வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான்.

ஈயமணிகளைக் கொண்டு நிறுப்பது

மெல்லிய நுனி இருந்தால் மட்டும் போதாது. அந்த நுனி மட்டுமே நீருக்கு மேலே தெரியும்வரை, தூண்டில் நூலான தங்கூசியில் சிறிய ஈயமணிகளை ஒவ்வொன்றாகக் கவ்வவிட வேண்டும். இதை எடையிடல் என்று வைத்துக்கொள்வோம். மிதவையின் மேல் 3 கிராம் என்று எழுதியிருந்தால், அது ஏறத்தாழ அவ்வளவு ஈயத்தைத் தாங்கும் என்று பொருள். ஒரு கிராம் மட்டும் கட்டிவிட்டு எறிந்தால், மீதி இரண்டு கிராமும் மடவையின் வாயில்தான் போய் நிற்கும். மெல்லிய மிதவையை வாங்கியும் பலன் காணாதவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு படியைத் தாண்டிச் செல்கிறார்கள்.

எடையிடலை வீட்டு வாளியில் செய்யாமல், மீன் பிடிக்கும் இடத்து நீரிலேயே செய்ய வேண்டும். கடல்நீர் குழாய்நீரைவிடச் சுமார் 2 விழுக்காடு அடர்த்தியானது. 5 கன செ.மீ. கன அளவுள்ள மிதவைக்கு இது 0.1 கிராம் கூடுதல் தள்ளலைத் தருகிறது. மேலே பார்த்த 3 மி.மீ. நுனியில் அந்த 0.1 கிராம் என்பது ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. உயரம்! வீட்டில் சரியாக நின்ற மிதவை கடலில் எகிறி நிற்பதற்கும், பெருமழைக்குப் பின் கால்வாய் முகத்தில் அதே மிதவை வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பதற்கும் இதுவே காரணம். அத்தகைய நாள்களில் ஓர் ஈயமணியைக் கழற்றிவிட வேண்டியிருக்கும்.

ஈயமணிகளில் பெரும்பாலானவற்றை மிதவைக்கு அடியிலேயே சேர்த்து வைத்துவிட்டு, மிகச் சிறியது ஒன்றை மட்டும் முள்ளுக்கு 15 முதல் 20 செ.மீ. மேலே வைப்பது நல்லது. அப்போது முள்ளில் உள்ள ரொட்டி, மீனைக் கவர நாம் நீரில் தூவும் துணுக்குகளின் வேகத்திலேயே மெல்ல இறங்கும். முள்ளுக்கு அருகே கனமான ஈயம் இருந்தால் அது மட்டும் விரைந்து கீழே போகும். சலித்துத் தின்னும் மீனுக்கு அந்த வேறுபாடு போதும்.

சுருக்கமாக: மெல்லிய நுனி, நுனி மட்டும் தெரியும் அளவுக்கு ஈயம், அந்த இடத்து நீரிலேயே சரிபார்ப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் எஞ்சிய மிதப்பு ஒரு கிராமில் சிறு பகுதியாகக் குறைந்துவிடும்.

ரொட்டி ஏன், எப்படி?

ரொட்டி மடவையின் இயற்கை உணவில் இல்லை. ஆனாலும் நீரில் ஊறிய ரொட்டி மென்மையானது, துணுக்குகளாகக் கரைவது, வாயில் எளிதாக உறிஞ்சப்படுவது. மடவையின் வாய்க்கு ஏற்ற எல்லாப் பண்புகளும் அதற்கு உண்டு. மனிதர்கள் நடமாடும் கரைகளில் ரொட்டித் துணுக்குகள் நீரில் விழுவது வழக்கம் என்பதால், அங்குள்ள மீன்கள் அதற்குப் பழகியும் இருக்கும்.

கோதுமை மாவில் உள்ள புரதம் நீரோடு சேர்ந்து பிசையப்படும்போது குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள பின்னலாக மாறுகிறது. ரொட்டி முள்ளில் தங்குவது அந்தப் பின்னலால்தான். சாதாரண வெள்ளை ரொட்டியில் அது தொடர்ச்சியாக இருக்கும். முழுக்கோதுமை ரொட்டியில் தவிடு குறுக்கிட்டுப் பின்னலை அறுத்துவிடுவதால் விரைவில் உதிர்ந்துவிடும். எனவே உடம்புக்கு நல்லது எதுவானாலும், தூண்டிலுக்கு அன்றன்று வாங்கிய வெள்ளை ரொட்டியே ஏற்றது. நம் ஊர் வெயிலில் அது அரை மணி நேரத்தில் விளிம்பு காய்ந்து பொடியத் தொடங்கும். பையைத் திறந்து வைக்காமல், தேவைப்படும்போது ஒரு துண்டை மட்டும் எடுப்பது நல்லது.

முள்ளில் வைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ரொட்டியின் ஓரத்தை நீக்கிவிட்டு, நடுவிலிருந்து கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய துணுக்கைப் பிய்க்க வேண்டும்; கத்தியால் வெட்டக் கூடாது. அதை முள்ளின் தண்டின் மேல் மடித்து, தங்கூசி கட்டியுள்ள மேல்பகுதியில் மட்டும் இரு விரல்களால் தட்டையாகும்வரை அழுத்த வேண்டும். முனை இருக்கும் கீழ்ப்பகுதியைத் தொடவே கூடாது. அழுத்திய பகுதி முள்ளைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தாத பகுதி நீரில் ஊறி, நாரும் இழையுமாக விரிந்து அசையும். மடவை உறிஞ்சும்போது அந்த மென்மையான பகுதி நசுங்கி முனை தடையின்றி வெளிப்படும்.

இதற்கு மாறாக ரொட்டியைக் கோலிக்குண்டாக உருட்டினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி, அது இறுகிப்போகிறது. முனை அந்த உருண்டைக்குள் புதைந்துவிடுவதால், மீன் வாயில் வைத்திருந்தபோதே சுண்டினாலும் தைக்காது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது ரொட்டி மிதக்குமா, மூழ்குமா என்பதையும் முடிவு செய்கிறது. காற்று நிறைய இருந்தால் மேலேயே நிற்கும். சற்று அழுத்தினால் மெல்ல இறங்கும்.

முள்களின் அளவெண் கூடக்கூட முள் சிறியதாகும். மடவைக்கு 8 முதல் 12 வரையுள்ள எண்கள் பொருந்தும். முள்ளைக் கட்டும் கடைசி அரை மீட்டர் தங்கூசி மட்டும் பிரதானத் தங்கூசியைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். இதை முன்னிழை எனலாம். இரண்டு கிலோ அளவு தாங்கும் முன்னிழை போதும்.

இரை தூவுதல்

பழைய ரொட்டியைக் கடல்நீரில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து, சிறிதளவு சிறிதளவாக ஒரே இடத்தில் தூவ வேண்டும். மீனுக்குப் பசியாற்றுவது இதன் நோக்கம் அன்று. தனியாக மேயும் மடவை நிதானமாகச் சலிக்கும். கூட்டமாக வந்து போட்டியிடும்போது, மற்றது தின்னுமுன் தான் தின்ன வேண்டும் என்பதால் சோதிக்கும் நேரம் குறைகிறது. கூழாக இருந்தால் வாசமும் துகளும் பரவும், வயிறு நிரம்பாது. முழுத் துண்டுகளாக எறிந்தால் கூட்டம் தின்று முடித்துப் போய்விடும். கரையில் ரொட்டியைச் சிந்தவும் கூடாது. மைனாவும் காகமும் கூடிவிடும். சிங்கப்பூரில் அவற்றுக்கு உணவிடுவது சட்டப்படி குற்றம்.

ஆழமும் ஏற்றவற்றமும்

மிதவையிலிருந்து முள்வரை உள்ள நீளம் எப்போதும் நீரின் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. இதை மறந்துவிடுவதால் வரும் குழப்பம் பெரிது. மேல்மட்டத்தில் மேயும் மீனுக்கு 50 முதல் 80 செ.மீ. ஆழத்தில் ரொட்டி நிற்க வேண்டும் என்றால், கடல் ஏறினாலும் வற்றினாலும் அந்த அளவு மாறாது. ஆனால் அடிமட்டத்தில் மேயும் மீனுக்குத் தரையை ஒட்டி வைக்க வேண்டும் என்றால் நிலைமை வேறு. இங்கே பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் இடையே 3 மீட்டர் அளவுக்கு வேறுபாடு வருவதுண்டு. ஏற்றத்தின் நடுப்பகுதியில் நீர் மட்டம் ஒரு மணி நேரத்தில் முக்கால் மீட்டர்வரை உயரக்கூடும். எட்டு மணிக்குத் தரையைத் தொட்ட ரொட்டி ஒன்பது மணிக்கு அந்தரத்தில் நிற்கும். கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையை முன்னதாகவே பார்த்துவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை ஆழத்தைச் சரிசெய்ய வேண்டும். நீர் ஏறத் தொடங்கி, பாசி படிந்த கற்கள் நனையும் நேரமே நான் விரும்பும் நேரம். மேய்ச்சலுக்கு மடவை அப்போது கரையை நெருங்கி வரும்.

மிதவை சொல்வதைப் படிப்பது

மிதவை முங்குவது மட்டுமே கடி அன்று. நுனி விட்டுவிட்டு நடுங்கினால் பெரும்பாலும் சிறு மீன்கள் ரொட்டியின் ஓரத்தைக் கொத்துகின்றன. நுனி ஒரு திசையில் சீராக நகர்ந்தால், மடவை ரொட்டியை வாயில் வைத்தபடி நீந்துகிறது. அப்போதே மணிக்கட்டால் பக்கவாட்டில் சுண்ட வேண்டும்.

புதியவர்கள் தவறவிடுவது இன்னொன்று: மிதவை முங்காமல், வழக்கத்தைவிட உயர்ந்து நிற்கும் அல்லது சாய்ந்து படுத்துவிடும். அடியில் இருந்த ரொட்டியை உறிஞ்சிக்கொண்டு மீன் மேலே எழும்போது, முள்ளுக்கு அருகே இருந்த ஈயமணியின் எடையையும் அதுவே தாங்கிக்கொள்கிறது. மிதவையின் சுமை குறைவதால் மிதவை உயர்கிறது. இது எழுகடி. சரியாக எடையிட்ட மிதவைதான் இதைக் காட்டும். பந்து மிதவையில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சுருக்கமாக: மிதவை இருந்த நிலையிலிருந்து எத்திசையில் சீராக மாறினாலும் அது கடியாக இருக்கலாம். கீழே போவதற்காக மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மாட்டிய பிறகு

மடவையின் உதடு மென்மையானது. பலமாகச் சுண்டினாலும், அவசரமாக இழுத்தாலும் கிழிந்து முள் வெளியே வந்துவிடும். ரீலில் உள்ள டிராக், அதாவது குறிப்பிட்ட விசைக்கு மேல் இழுத்தால் தங்கூசியைத் தானாக விட்டுக்கொடுக்கும் அமைப்பு, முன்னிழையின் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாமல் இருக்கட்டும். மீன் களைத்துப் பக்கவாட்டில் சாயும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். கற்சுவரின் மேல் நிற்பவர் தங்கூசியைப் பிடித்து மீனைத் தூக்காமல், நீண்ட பிடியுள்ள கைவலையால் எடுக்க வேண்டும்.

எங்கே பிடிக்கலாம் என்பதில் கவனம் தேவை. பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் குறித்துவைத்த பகுதிகளில் மட்டுமே அனுமதி. பலகையைப் படித்துவிட்டே கோலை விரிக்க வேண்டும். பிடோக் படகுத்துறை புகழ்பெற்றது என்றாலும் அங்கே நீரோட்டம் வலுவாக இருப்பதால், மெல்லிய மிதவையோடு பழகுவதற்குப் பாசிர் ரிஸ், சாங்கி போன்ற அமைதியான கரைகள் வசதி. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் நீர்த்தேக்கங்களில் குறித்த இடங்களில் மீன் பிடிக்கலாம், ஆனால் செயற்கை இரை மட்டுமே பயன்படுத்தலாம். ரொட்டி அங்கே கூடாது. கோலை வீசுமுன் பின்னால் நடப்போரையும் சைக்கிளில் வருவோரையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சிறியவற்றை ஈரக் கையால் பிடித்து, செதில் உதிராமல், உடனே நீரில் விட்டுவிடுங்கள். சமையலுக்கு வைத்துக்கொள்வதானால் அங்கேயே குடலை நீக்கிப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். மண்ணையும் பாசியையும் அரைக்கும் அந்த வயிறும் நீண்ட குடலும் உள்ளேயே கிடந்தால் சேற்று வாடை தசையில் ஏறிவிடும்; மடவைக் குழம்பு நாறும் என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம்.